வராதவர்களின் கணக்கு

கண் மருத்துவமனையின் ரிசப்ஷனில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் பெரியவள் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள், அதனால் பெரியவள். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த அம்மா, காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி "ஏ பெரியவளே!" என்று ஒரு சத்தம் போட, அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

மூன்று மாதம் என்று சொல்லிச் சேர்ந்த வேலை அது. மூன்று மாதம் எப்படி ஒன்பது வருடமாகும் என்று கேட்கிறவர்கள் வீட்டில் யாரும் படுத்த படுக்கையாகக் கிடந்ததில்லை என்று அர்த்தம். அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்களை ஏற்றி இறக்கிய மனுஷன், ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். பெரியவள் அப்போதுதான் பொருளாதாரத்தில் பட்டம் முடித்து, வகுப்பில் முதலாவதாக வந்து, வேறு ஊரில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு முழு உதவித்தொகையோடு இடம் வாங்கியிருந்தாள். கட்டணம் கிடையாது, தங்குமிடம் இலவசம், கைச்செலவுக்கும் மாதாமாதம் கொடுப்பார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டே பேருக்குத்தான் அப்படி ஓர் இடம்.

அவள் போகவில்லை. அதுகூடப் பெரிய விஷயமில்லை, அப்பாவை அந்த நிலையில் போட்டுவிட்டு யார் போவார்கள்? ஆனால் வர முடியவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடவுமில்லை. அதுதான் விஷயம். அப்பா கையை அசைத்துவிட்டால் போய்விடலாம், நாளைக்கு எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளித் தள்ளி, அங்கே வகுப்பு தொடங்கி ஒரு மாதமும் ஓடிவிட்டது. எழுதினால் அது உண்மையாகிவிடுமே என்று பயந்தாள். இருபத்தொரு வயதில் பயம் அப்படித்தான் புத்தி சொல்லும். வகுப்பில் அவளுக்கென்று வைத்த நாற்காலி வருடம் முழுக்கக் காலியாகவே கிடந்திருக்கும் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

உறைக்க வைத்ததே இந்த வேலைதான். ரிசப்ஷனில் உட்கார்ந்தவர்களுக்கு உலகத்தில் இரண்டே வகை ஜனங்கள்: வருகிறேன் என்று சொல்லி வருகிறவர்கள், வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள். விழித்திரைப் பரிசோதனைக்கு மூன்று வாரம் முன்பே நேரம் வாங்க வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் வந்து, எப்போது எப்போது என்று அரித்து எடுத்து, நேரம் வாங்கிக்கொண்டு போவார்கள். நாள் வரும், ஆள் வரமாட்டார். உள்ளே டாக்டரம்மா கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கே பாக்க முடியாதாம்மா?" என்று கெஞ்சிய இன்னொருவரை அப்போதுதான் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வயிற்றெரிச்சல் என்றால் அதுதான்.

போன வருடம் பெரியவள் டாக்டரம்மாவை விடாமல் பிடித்து, பரிசோதனைக்கு முந்தின நாள் ஒவ்வொரு நோயாளியின் போனுக்கும் ஒரு குறுஞ்செய்தி போகும்படி செய்தாள். "நாளை உங்கள் பரிசோதனை. வர முடியாவிட்டால் இந்த எண்ணில் சொல்லவும்." அவ்வளவுதான். செய்தி அனுப்புவதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும், டாக்டரம்மாவின் அனுமதியோடு, பெயர்களை எடுத்துவிட்டு எண்களாக வைத்துப் பார்த்தாள். முன்பு நூற்றுக்கு முப்பத்தொரு பேர் வராமல் இருந்தார்கள். பிறகு பதினான்கு பேர். பாதிக்கும் கீழே! ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குள் படுத்திருந்த பழைய மாணவி எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த வருடம்தான் எல்லாம் கூடியும் வந்தது. அப்பா கைத்தடியோடு தெருமுனை வரை போய் வந்தார். தங்கைக்கு மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. "வீட்டை நான் பாத்துக்கறேன்க்கா. நீ கெளம்பு. இல்லாட்டி காலம் முழுக்க உன் மூஞ்சியைப் பாத்து எனக்குக் குத்தவுணர்ச்சி வரும்" என்றாள் சின்னவள். ஆனால் ஒரு நிபந்தனை கழுத்தில் கத்தியாக நின்றது. உதவித்தொகை கேட்கிறவர் பட்டம் வாங்கி ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அவளுக்கு இதுதான் கடைசி வருடம். உதவித்தொகை இல்லாமல் படிப்பது நடக்கிற காரியமில்லை. ஆக, இந்த வருடம் இல்லையென்றால் எந்த வருடமும் இல்லை.

மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். மூன்றாவது, அந்தப் பழைய பல்கலைக்கழகமே. போடலாமா வேண்டாமா என்று பத்து நாள் தவித்துவிட்டு, வெட்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போட்டாள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இதற்குமுன் இங்கே விண்ணப்பித்ததுண்டா? முடிவு என்ன? "உண்டு. தேர்வானேன். சேரவில்லை" என்று எழுதினாள்.

மூன்று இடத்திலும் ஒரு சொந்த ஆய்வுக் கட்டுரையும், பழைய ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து எந்த ஆசிரியருக்கு யாரைத் தெரியும்? ஒருவர் வாழ்த்துகள் என்று மட்டும் பதில் போட்டார், யாருக்கோ போடுவது மாதிரி. ஒருவர் வெளிநாட்டில் பேரக்குழந்தை பார்க்கப் போயிருந்தார். புள்ளியியல் சார்தான் உண்மையைச் சொன்னார். "உன் முகம் சுத்தமா ஞாபகமில்லம்மா. உன் விடைத்தாள் ஞாபகமிருக்கு, நான் போட்ட கணக்கே தப்புன்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருந்த. இப்போ என்ன எழுதியிருக்கியோ அதை அனுப்பு. பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்றார். குறுஞ்செய்திக் கணக்கை வைத்து எழுதியிருந்த கட்டுரையை அனுப்பினாள். மனுஷன் உச்சி குளிர்ந்துபோய் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி வைத்தார்.

எல்லாவற்றுக்கும் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அந்த வாரத் திங்கட்கிழமை காலையில் ஒரு லாரி டிரைவர் வந்து ரிசப்ஷனில் நின்றார்.

"போன தடவை ஆறாம் தேதி வந்திருக்கீங்கண்ணே. அதுக்குள்ள மறுபடியும் எதுக்கு?" என்று கணினியைப் பார்த்துக் கேட்டாள் பெரியவள்.

"நானா? ஆறாம் தேதியா? அன்னைக்கு நான் நானூறு கிலோமீட்டர் தள்ளி லோடு எறக்கிக்கிட்டு இருந்தேன். உங்ககிட்டதானே போன் பண்ணி வேற தேதி வாங்கினேன்?"

"இல்லண்ணே, வந்ததாத்தான் இருக்கு."

"அட என்னம்மா நீங்க! அந்தச் சொட்டு மருந்தைக் கண்ணுல விட்டா நாலு மணி நேரத்துக்கு எதிர்ல வர்றது யானையா பூனையான்னு தெரியாது. அதோட நான் நெடுஞ்சாலைல லாரி ஓட்டினேனா? கம்ப்யூட்டர் சொல்லிட்டா நான் வந்துட்டேனா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை பொத்தான் மேலிருந்த தன் விரலுக்குப் போனது.

அந்தக் கணினியில் ஒரு பிடிவாதம் உண்டு. பழைய தேதியை முடிக்காமல் புதுத் தேதி கொடுக்காது. முடிப்பதற்கு இரண்டே பொத்தான்: வந்தார், வரவில்லை. 'வரவில்லை' என்று அழுத்தினால் சாயங்காலம் டாக்டரம்மா வந்து கடவுச்சொல் போடும்வரை அந்த நோயாளியின் பக்கம் பூட்டிக்கொள்ளும். நோயாளியோ போனில் கத்திக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பெரியவள் குறுக்குவழி கண்டுபிடித்தாள். தேதி மாற்றக் கேட்டுப் போன் வந்தால் 'வந்தார்' என்று அழுத்து, நேரம் காலியாகும், புதுத் தேதி கொடு, முடிந்தது. கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளே அதைக் கற்றுக்கொடுத்தாள். ஒன்பது வருடமாக விரல் தானாகச் செய்கிற வேலை. மூளைக்கு அதில் பங்கே இல்லை, அதனால்தான் கட்டுரை எழுதும்போது ஞாபகமே வரவில்லை.

இப்போது வந்தது. குறுஞ்செய்தி என்ன சொன்னது? வர முடியாவிட்டால் சொல்லவும். ஜனங்கள் சொன்னார்கள். சொன்ன அத்தனை பேரும் வந்தவர்கள் கணக்கில் ஏறிவிட்டார்கள். அவள் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தப் பதினான்கு, அவள் விரலே போட்ட பொய். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "யாருக்குடி தெரியப் போவுது? அந்த லாரிக்காரரா வந்து சாட்சி சொல்லப் போறாரு? எழுதினதை அனுப்பித் தொலை. கிணத்தைத் தாண்டுறவ பாதிக் கிணத்துல நின்னு யோசிப்பாளா?"

"அனுப்பினா இடம் கிடைக்குமா கிடைக்காதா, அதைச் சொல்லு" என்றாள் சின்னவள்.

"கிடைக்கலாம்."

"சரி பண்ணி அனுப்பினா?"

"நாலு நாள்ல சரி பண்ண முடியுமான்னே தெரியல. சரி பண்ணினா ஒண்ணுமே மிஞ்சாமயும் போகலாம்."

அப்பா வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார். "பலகைல அஞ்சாவது மாடின்னு காட்டும், லிஃப்ட் நிக்கிறது நாலாவதுல. பலகையை நம்பிக் காலை வெச்சு என் கூட்டாளி ஒருத்தன்..."

"கதை வேண்டாம்ப்பா. நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றாள் பெரியவள். "பொய்க் கணக்கைக் கொடுத்துக் கணக்கு படிக்கப் போறதுக்கு நான் ரிசப்ஷன்லயே இருந்துக்கறேன். எனக்கு வழிதான் வேணும்."

வழியை லாரி டிரைவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார், அவருக்கே தெரியாமல். சொட்டு! விழித்திரை பார்க்க வேண்டுமென்றால் கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்து விட்டே ஆகவேண்டும். சொட்டு விழாமல் யாரும் டாக்டரம்மா முன்னால் உட்கார முடியாது. சொட்டு விடுகிற நர்சம்மாவுக்கு மருத்துவமனையில் பெயர் சொட்டக்கா. அந்தச் சொட்டக்கா ஒவ்வொரு ஆளுக்கும் அட்டை எண்ணையும், சொட்டு விட்ட நேரத்தையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பாள். கணினி வந்த அன்றைக்கே அதை நிறுத்தச் சொன்னார்கள். "கரன்ட் போனா உங்க கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கும். என் நோட்டு மூடாது" என்று ஒற்றைக் காலில் நின்று மறுத்தவள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியவள் சொட்டு அறை வாசலில் போய் நின்றாள். "அக்கா, உங்க நோட்டு வேணும்."

"எது? போன வருஷம் அலமாரியைச் சுத்தம் பண்றேன்னு குப்பைன்னு சொல்லித் தூக்கிப் போடப் பாத்தியே, அந்த நோட்டா?"

"ஆமாக்கா."

"சொல்லு. குப்பை இல்லைன்னு சொல்லு."

"குப்பை இல்லக்கா. தங்கம்."

"தங்கம்னு யாரு சொல்லச் சொன்னா? குப்பை இல்லைன்னு சொன்னாப் போதும்." சொட்டக்கா மூக்கை உறிஞ்சினாள். கை கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து ஏழு நோட்டுகளை வரிசையாக எடுத்து மேசையில் அடுக்கினாள். "இது இந்த ரூமைத் தாண்டாது. பேரு எதையும் நீ எழுதக் கூடாது. அட்டை நம்பரை நான் படிப்பேன், நீ உன் கம்ப்யூட்டர் பொட்டில தட்டு. காலைல ஆறு மணிக்கு வா. ஆறு அஞ்சுக்கு வந்தீன்னா கதவைத் திறக்க மாட்டேன்."

"இன்னைக்கே ஆரம்பிச்சிடலாமாக்கா? ஆஸ்பத்திரி தொறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

சொட்டக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் நோட்டைத் திறந்தாள்.

ஆயிரத்து நூற்று இருபத்தாறு பேர். செவ்வாய் காலை, செவ்வாய் சாப்பாட்டு நேரம், புதன் காலை, புதன் சாப்பாட்டு நேரம், வியாழன் காலை என்று சொட்டக்கா படிக்கப் படிக்கப் பெரியவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கணினி 'வந்தார்' என்கிறது, நோட்டில் சொட்டு இருக்கிறதா? இருந்தால் வந்தவர். இல்லாவிட்டால் வராதவர். அவ்வளவு எளிமை, அவ்வளவு அலுப்பு. சொட்டக்காவின் ஏழும் ஒன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். "ஏழா ஒண்ணாக்கா?" என்றால் "அன்னைக்கு எனக்கு முதுகுவலி, அதனால ஏழு" என்பாள். எப்படி என்று கேட்கக் கூடாது. சரிபார்த்தால் ஏழாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை நடுவில் ஒரு சமயம் பெரியவளின் கண் நிறைந்துவிட்டது. 'வந்தார்' என்று அவள் அழுத்தியவர்களில் ஒருவர் பின் ஒருவராக வராதவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

"அழுவுறதுன்னா வெளிய போய் அழு. நோட்டு நனைஞ்சிடும்" என்றாள் சொட்டக்கா. கொஞ்சம் பொறுத்து, "அடுத்தது படிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"படிங்க."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைசி நோட்டு முடிந்தது. குறுஞ்செய்திக்கு முன்பு உண்மையில் வராதவர்கள் நூற்றுக்கு முப்பத்து மூன்று. பிறகு, இருபத்தெட்டு. அவள் பெருமைப்பட்ட பெரிய சரிவு ஐந்தே பேராகச் சுருங்கிக் கிடந்தது. பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு, இருக்கிற ஒரு மணி நேரத்தில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல், வராத அந்த இருபத்தெட்டுப் பேருடைய நேரத்தில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்க ஆரம்பித்தாள். நோட்டில் நேரமும் இருந்ததே!

இருபத்தெட்டில் பதினான்கு பேர், கணினியில் 'வந்தார்' என்று இருந்தும் சொட்டு விழாதவர்கள், அதாவது முன்கூட்டியே போனில் சொன்னவர்கள். அந்தப் பதினான்கு நேரத்தில் பதினொன்றில் வேறு யாரோ வந்து சொட்டு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்பு நூறு நேரத்தில் முப்பதுக்கு மேல் சும்மா போனது. இப்போது பதினேழுதான். ஆக, செய்தி வராதவர்களை வரவழைக்கவில்லை. வராதவர்களைச் சொல்ல வைத்தது. சொன்னதால் அந்த இடம் இன்னொருவருக்குப் போனது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுரையை அடியோடு மாற்றி எழுதினாள். பிழை எப்படி வந்தது என்பதை மறைக்காமல் ஒரு பத்தியில் வைத்தாள். அதன் கடைசி வரி இது: "இந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்து ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் இந்தக் கட்டுரையை எழுதியவர்தான்." புள்ளியியல் சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "நான் எழுதின ரெண்டு பக்கமும் வீணா?" என்றார் அவர். "நல்லவேளை, இன்னும் அனுப்பல. மறுபடி எழுதறேன். இந்தத் தடவை அரைப் பக்கம்தான், ஆனா அழுத்தமா இருக்கும்." நாலு இருபதுக்கு மூன்று விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன.

முதல் இடம் ஒரு மாதத்தில் இல்லை என்றது. இரண்டாவது இடம் காரணமே சொல்லாமல் இல்லை என்றது. அம்மா எதுவும் கேட்கவில்லை, ஆனால் பாத்திரங்கள் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன. மூன்றாவது இடம், காணொளியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

மருத்துவமனையில் கதவு சாத்தக்கூடிய, நெட் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே அறை பார்வை சோதிக்கும் அறை. சொட்டக்கா வெளியே நாற்காலி போட்டுக் காவலிருந்தாள். பெரியவளின் தலைக்குப் பின்னால் எழுத்து அட்டை தொங்கியது. திரையில் மூன்று பேர். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் குனிந்து, "கடைசி வரி எனக்குத் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவராக இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கட்டுரையைப் பற்றி இருபது நிமிடம் குடைந்தார்கள். பெரியவள் நன்றாகவே சொன்னாள். அப்புறம் அந்தத் தலைவரம்மா ஒரு பழைய காகிதத்தை எடுத்தார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே உதவித்தொகைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தோம். நீங்க வரல. ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல. அந்த வருஷம் பதினொரு பேரோடதான் வகுப்பு நடந்தது. காத்திருப்புப் பட்டியல்ல முதல்ல இருந்த பையன் ரெண்டு தடவை போன் பண்ணினான். நீங்க வந்துடுவீங்கன்னு நெனச்சு, இடம் இல்லப்பான்னு சொன்னது நான்தான்." காகிதத்தைக் கீழே வைத்தார். "இப்போ நீங்க வருவீங்கன்னு நாங்க எதை வெச்சு நம்பறது?"

அப்பாவின் பக்கவாதம், ஆஸ்பத்திரி, தங்கையின் படிப்பு என்று பெரியவள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு முறைகூட முகம் பார்த்திராத அந்தப் பையன் திடீரென்று எதிரே வந்து நின்றபோது, அந்த உண்மைகளைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"நம்ப வேண்டாம் மேடம்" என்றாள்.

தலைவரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என் கட்டுரையில இருக்கறதும் அதுதான். வர்றேன்னு சொல்றவங்களை நம்பி ஒரு நாற்காலியைப் பூட்டி வைக்கக் கூடாது. கேக்கணும். கேட்டா, வர முடியாதவங்க சொல்லிடுவாங்க. யாரும் கேக்கலைன்னா, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சும்மா இருந்துடுவாங்க. நான் இருந்தேன். நான் பண்ணினது தப்பு. வகுப்பு தொடங்க ரெண்டு வாரம் முன்னாடி பன்னிரண்டு பேருக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்க மேடம். எனக்கு இடம் கொடுத்தா என்னையும் கேளுங்க. நான் எடுக்கலைன்னா அன்னைக்கே அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுங்க."

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நாங்க போன் பண்ணியிருந்தா?"

"அழுதிருப்பேன் மேடம். ஆனா வரலைன்னு சொல்லியிருப்பேன்."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பன்னிரண்டு பேரில் அவள் பெயர் இல்லை. காத்திருப்புப் பட்டியலில், இரண்டாவது.

அம்மா அன்றைக்கு வாய் திறந்தாள். "உண்மையைச் சொல்றேன்னு ஊரைக் கூட்டின. பலன் பாத்தியா?"

"அவங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தாம்மா பண்ணியிருப்பேன்" என்றாள் பெரியவள். அழவில்லை. அழுகை வந்தது, இருந்தாலும் அழவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலச் சொட்டு அறைக்குப் போனாள். நோட்டு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சொட்டக்கா பஞ்சு உருட்டுவாள், பெரியவள் முதுகலைக்கு வேண்டிய கணிதத்தை முதல் பாடத்திலிருந்து போட்டுக்கொண்டிருப்பாள். மறந்துபோனது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கணக்கை மூன்று நாள் விடாமல் போட்டாள்.

"ரெண்டாவதுன்னா என்னடி அர்த்தம்?" என்று கேட்டாள் சொட்டக்கா.

"பன்னிரண்டுல ரெண்டு பேரு வராம இருக்கணும்."

"சாபம் விடட்டுமா? என் வாய் பலிக்கும்."

"வராம இருந்தா மட்டும் போதாதுக்கா. வரலைன்னு சொல்லணும். யாரு சொல்லுவா? நானே சொல்லலியே."

இதற்கிடையில் கணினிக் கம்பெனிக்காரனைத் தினமும் போனில் பிடுங்கி எடுத்து மூன்றாவதாக ஒரு பொத்தான் போட வைத்தாள்: தேதி மாற்றினார். புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நான் சொல்லிக்கொடுத்த பழைய வழியை யாராவது சொன்னா, சொன்னவங்க கையில ஒண்ணு போடு" என்று கற்றுக்கொடுத்தாள். போகிறவள் மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவைத்தாள். போவதற்கு இடம்தான் இல்லை. வகுப்பு தொடங்கும் தேதி அவளுக்குத் தெரியும். நாட்களை எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எண்ணினாள்.

வகுப்புக்குச் சரியாகப் பதின்மூன்று நாள் இருந்தபோது, காலைக் கூட்டத்துக்கு நடுவில் அவள் போன் அடித்தது. தெரியாத எண். எதிரே ஒரு அம்மா அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு எடுத்தாள்.

பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க். களைத்த குரல். "இந்த வருஷம் புதுசா, எடம் கெடைச்ச பன்னிரண்டு பேருக்கும் போன் பண்ணிக் கேக்கச் சொல்லிட்டாங்க மேடம். ரெண்டு நாளா இதே வேலைங்க. ரெண்டு பேரு வரலைன்னுட்டாங்க. ஒருத்தருக்கு வேற நாட்டுல கெடைச்சிருக்கு. இன்னொரு பொண்ணு, வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு அழுதுகிட்டே சொல்லுச்சு. பட்டியல்ல மொத ஆளு வர்றேன்னுட்டாரு. அடுத்தது உங்க பேரு. யோசிச்சு நாளைக்குள்ள சொன்னாப் போதும்."

பெரியவள் நிமிர்ந்தாள். சொட்டு அறை வாசலில் சொட்டக்கா மருந்துப் புட்டியும் கையுமாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிக்க வேண்டாங்க. வர்றேன். இப்பவே எழுதிக்கோங்க, வர்றேன்."

"சரிங்க மேடம். கடிதம் சாயங்காலம் அனுப்பிடுவோம். வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் பெரியவள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "அழுதுகிட்டே சொன்னாங்கன்னீங்களே, அந்தப் பொண்ணு. முடிஞ்சா அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க."

"எதுக்குங்க?" என்று கேட்டார் கிளார்க்.

"சொன்னதுக்கு."